டிரான்ஸ்பார்மர் இல்லாத பெட்டி

கல்யாணமாகி நான் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் ராஜ வீதியில் ஒரு ரேடியோக் கடை வைத்திருந்தார். இரண்டு பேர் சேர்ந்து நுழைந்தால் இடிக்கும் அளவுக்குத்தான் இடம். முன்பக்கக் கண்ணாடி அலமாரியில் மூன்று கம்பெனி ரேடியோக்கள் இருந்தன. பின்பக்க மேசையில் வயிறு திறந்த பழைய பெட்டிகள் கிடந்தன. விற்பனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ரிப்பேரில்தான் அடுப்பு எரிந்தது. அறுபதுகளில் எங்கள் ஊரில் ரேடியோ என்பது பட்டு முதலாளி வீட்டுச் சாமான். தறி நெய்கிறவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த பெஞ்சும் இல்லை.

சாயங்காலத்தில் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் கடை வாசலில் நிற்கும். புருஷன் உள்ளே வந்து விலை கேட்பான். பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நிற்பாள். விலையைக் கேட்டதும் அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

"வாங்கறது அந்தம்மாதான். அவங்க உள்ளயே வரலியே" என்று ஒருநாள் நான் சொன்னேன்.

"அப்போ நீ வந்து உக்காரு. நீ இருந்தா வருவாங்க" என்றார்.

அப்படித்தான் நான் கடைக்குப் போனேன். வாலாஜாபாத்தில் பத்தாவது வரை படித்த தைரியம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. நான் முக்காலி போட்டு உட்கார்ந்ததும் பெண்கள் படியேறினார்கள். ஆண்கள் எத்தனை ஸ்டேஷன் பிடிக்கும் என்று கேட்பார்கள். பெண்கள் கேட்டது வேறு. எங்கே வைக்கலாம், கரண்ட் எவ்வளவு குடிக்கும், குழந்தை தொட்டால் உடைந்துபோகுமா. விலையை ரூபாயில் சொன்னால் அவர்கள் முகத்தில் எதுவும் ஏறவில்லை. "எத்தினி சேலைக் கூலி வரும்?" என்று ஒருத்தி கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கம்பெனிப் பெட்டி என்றால் ஐந்தாறு சேலை நெய்த கூலி. யார் வாங்குவார்கள்?

அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சொந்தமாகப் பெட்டி செய்ய ஆரம்பித்தார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வால்வு, காயில், ஸ்பீக்கர் எல்லாம் உதிரியாகக் கிடைக்கும். பெட்டியைச் செவிலிமேட்டு ஆசாரி செய்து கொடுத்தார். முதல் பெட்டி பாடியபோது எங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்த சந்தோஷம். ஆனால் அதுவும் நாலு சேலைக் கூலிக்குக் கீழே வரவில்லை. பார்த்தார்கள், தடவினார்கள், போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு சாமானையும் பழைய பேப்பரில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேக்குக்குப் பதில் மாம்பலகை போடலாம். டயல் கண்ணாடியைச் சின்னதாக்கலாம். எதை மாற்றினாலும் அரை சேலைக் கூலிகூடக் குறையவில்லை. கடைசியாக டிரான்ஸ்பார்மரைக் கையில் எடுத்தார். செங்கல் கனத்தில் செம்புக் கம்பி சுற்றிய இரும்புக் கட்டி அது. எல்லாவற்றிலும் விலை கூடியது அதுதான்.

"இது இன்னாத்துக்குங்க?" என்று கேட்டேன்.

"வெளிய வர்ற கரண்டு வேற, பொட்டி உள்ள ஓடற கரண்டு வேறன்னு பிரிச்சு வைக்கும்."

"இல்லாம பாடாதா?"

அவர் டிரான்ஸ்பார்மரைக் கையில் திருப்பிப் பார்த்தார். "பாடும். நேரா உள்ள வுட்டா பாடும். பெரிய கம்பெனிக்காரனே கொறஞ்ச வெலப் பொட்டில அப்டித்தான் செய்றான்" என்றார். பிறகு எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார். "மரப்பொட்டி. திருகறது பேக்கலைட்டு, அதுல கரண்டு ஏறாது. உள்ள இருக்கற இரும்ப யார் தொடப் போறாங்க?"

அதன்பின் செய்த பெட்டிகளில் டிரான்ஸ்பார்மர் இல்லை. தூக்கிப் பார்த்தால் காலிப் பெட்டி மாதிரி இருக்கும். விலை இரண்டு சேலைக் கூலி.

அதில் ஒரு விஷயம் இருந்தது. அந்த நாளில் வீடுகளில் இருந்தது இரண்டு கால் பிளக். அதை எந்தப் பக்கமாகவும் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால் பெட்டிக்குள் இருக்கிற இரும்புத் தட்டு சாதுவாக இருக்கும். திருப்பிச் செருகினால் கம்பத்திலிருந்து வருகிற முழுக் கரண்டும் அந்தத் தட்டில் நிற்கும். இரண்டு விதத்திலும் பாட்டு ஒரே மாதிரிதான் வரும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்த் தானே பெட்டியை வைத்து, டெஸ்டர் போட்டுப் பார்த்து, பிளக்கின் மேல்பக்கத்தில் சிவப்பு பெயின்டால் ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவார். "பொட்டு மேல இருக்கணும்மா. மறக்காதீங்க" என்று சொல்லுவார். எல்லாரும் சரி என்று தலையாட்டுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பெட்டிகள் விற்றுப்போயின. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் பாடினால் அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து நிற்பாள். பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், துணித்துண்டில் பூவேலை செய்து உறை தைத்துப் போட்டார்கள். தெருவில் நடந்தால் ஒரே பாட்டு வீட்டுக்கு வீடு கைமாறி என்னோடு கூடவே வரும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் முறை அது என்னைக் கடித்தது எங்கள் வீட்டிலேயே. ஈரக்கையோடு பெட்டி மேல் தூசியைத் துடைத்தேன். திருகுகிற குமிழுக்கு அடியில் கடுகளவு ஒரு இரும்பு ஆணி உண்டு. அதில் விரல் பட்டதும் முழங்கை வரை சுள்ளென்று ஏறியது. கையை உதறிக்கொண்டு பிளக்கைப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு கீழே இருந்தது. காலையில் பெருக்கும்போது நானேதான் பிடுங்கிச் செருகியிருந்தேன். விவரம் தெரிந்த வீட்டிலேயே இப்படி என்றால் மற்ற வீடுகளில் என்ன நடக்கும் என்று நினைத்தபோது எனக்கு அந்த அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. அவரிடம் சொன்னேன். அந்த ஆணிகளின் மேல் மெழுகு வைத்து அடைத்தார். அதோடு சரி.

பிறகு பெண்களே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள், சிரித்துக்கொண்டே.

"அக்கா, உங்க பொட்டில எறும்பு கீதா? தொட்டா நறுக்குனு கடிக்குது."

"எம் புள்ளைங்க கைய கோத்துக்கினு வரிசையா நிக்குதுங்கக்கா. முன்னால நிக்கற பையன் பொட்டி பின்னால தொடுவான். கடைசில நிக்கறவனுக்கு ஷாக் அடிக்குதாம். ஒரே ஆட்டம்."

நான் சிரிக்கவில்லை. "பொட்டு மேல இருக்குதான்னு பாருமா. புள்ளைங்கள கிட்ட வுடாத" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். விற்கிறவளே இப்படிச் சொல்கிறாளே என்று நினைத்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் தறி ஸ்பீக்கர் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்களிடம் பெட்டி வாங்கிய ஒரு குடும்பம் இருந்தது. புருஷன் தறியில் உட்காருவார். கரையைத் தனி நிறத்தில் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஓரத்து நாடாவை, நூல் சுமந்து ஓடும் கட்டையை, வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். அது அவருடைய சம்சாரம். என் வயதுதான் இருக்கும், கலகலவென்று பேசுவாள். கடைக்கு வரும்போதெல்லாம் முக்காலியில் என்னைத் தள்ளி உட்கார வைத்துப் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வாள்.

"அண்ணா, பொட்டி முன் ரூம்ல கத்துது. தறி சத்தத்துல எங்க காதுல வுழறதே இல்ல. தறி கிட்டயே ஒரு வாய் மட்டும் வெச்சுக் குடேன்" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

அவருக்கு அது பிடித்துப்போனது. பெட்டியிலிருந்து ஒரு ஜோடி வயரை இழுத்து, உத்தரத்தின் ஓரமாகக் கொண்டுபோய், தறிக்கு மேலே ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தொங்கவிட்டார். ஸ்பீக்கருக்கு மரக்கூடு செய்தால் விலை ஏறும் என்று பிஸ்கட் டின்னை வெட்டிக் கூடு செய்தார். அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது நான். அவர்கள் வீட்டில் அது பாடிய அன்று தெருவே வந்து பார்த்தது. பழைய பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் ஒரு வாய் வேண்டும் என்றார்கள். காந்தி ரோட்டில் இருந்த பெரிய ரேடியோக் கடைக்காரர் ஆள் அனுப்பி எங்கள் தகர டப்பாவைப் பார்த்துவரச் சொன்னார்.

ஒரே ஒரு ஆள்தான் முகம் சுளித்தார். லைன் வேலை பார்க்கிற கரண்ட் ஆபீஸ்காரர் ஒருவர், ரிப்பேருக்குக் கொடுத்த பெட்டியை வாங்க வந்தவர், மேசை மேல் இருந்த எங்கள் பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"இதுல டிரான்ஸ்பார்மர் இல்லியே. இதுலேர்ந்தா தறிக்கு வயர் இழுக்கறீங்க?"

"ஆமாங்க."

"தறிக்காரங்க எங்கப்பா ஒக்காருவாங்க? காலு குழியில. ஈர மண்ணுல." ரிப்பேர்க் கூலியை மேசை மேல் வைத்தார். தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் அன்று சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் மறுநாளும் ஸ்பீக்கர் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவரும் வயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு போனார்.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் மழை விடவில்லை. இடி இடித்தால் ரேடியோ பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். இடி நின்றதும் திருப்பிச் செருகுவார்கள். பொட்டு மேலேயா கீழேயா என்று யார் பார்ப்பார்கள்? ஒவ்வொரு இடிக்கும் எனக்கு ஊர் முழுக்கப் பிளக்குகளைப் பிடுங்கிச் செருகுவதுதான் கண்ணில் தெரிந்தது. கடைக்கு யாராவது வேகமாக நடந்து வந்தால் முக்காலியை விட்டு எழுந்துவிடுவேன். அவர்கள் வால்வு கேட்டு வந்திருப்பார்கள்.

அப்படி ஒரு மழை நாளில் தறிக்காரர் சம்சாரம் வந்தாள். அன்று அவள் முக்காலியில் உட்காரவில்லை.

"அக்கா, ஸ்பீக்கரு மேல ஒரு பல்லி செத்து ஒட்டிக்கினு இருந்துச்சு. காலு நாலும் விறச்சுப் போயி. பாவு நூலு மேல வுழுந்துட்டா இன்னா ஆவறது? மாமியார் ஒரே புலம்பலு. வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போயி பொன் பல்லியத் தொட்டு தோஷம் கழிச்சுட்டு வரலாம்னு போயிக்கினு இருக்கேன். நீயும் வரியா?"

பல்லி எப்படிச் செத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. டின்னின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வயர் உள்ளே நுழைகிற ஓட்டையில் உராய்ந்து உராய்ந்து அதன் தோல் கிழிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இரும்புத் தட்டோடு சேர்ந்த வயர் அது. பிளக் திரும்பியிருந்தால் அந்தப் பச்சை டப்பா முழுவதும் கரண்ட்.

"இப்போ பொட்டி பாடுதா?" என்றேன்.

"இல்லக்கா. கரண்டு காலைலயே போச்சு."

"நீ கோயிலுக்கு அப்புறம் போ. வூட்டுக்குப் போலாம் வா."

என் வீட்டுக்காரர் சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். கடையைச் சாத்திவிட்டு அவளோடு நடந்தேன். வழியெல்லாம் கணுக்கால் தண்ணீர். தெருவில் தறிச் சத்தம் மட்டும் இருந்தது, ஒரு ரேடியோகூட இல்லை. கரண்ட் எப்போது வேண்டுமானாலும் வரும் என்ற நினைப்பில் நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவள் பின்னாலிருந்து, "இன்னாக்கா ஆச்சு? எதுக்கு இப்டி ஓடறே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஓடிக்கொண்டே எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. முன் அறையில் ரேடியோ, அதைத் தாண்டித் தறி. தறிக்காரர் குழியில் கால் விட்டபடி உட்கார்ந்திருந்தார். மழைத் தண்ணீர் ஊறிக் குழியின் மண் கறுத்திருந்தது. கால் நனையாமல் இருக்கச் சாக்கு மடித்துப் போட்டிருந்தார், அதுவும் சொதசொதவென்று இருந்தது. தலைக்கு மேலே பச்சை டப்பா தொங்கியது.

"வாங்கம்மா. இந்த மழைல வந்துக்கினு இருக்கீங்க?" என்றார்.

"அண்ணா, அத்தத் தொடாதீங்க. அந்த ஸ்பீக்கர நான் கழட்டிக்கினு போறேன்."

"எதுக்குமா? நல்லாத்தான் பாடுது. கொஞ்சம் எறங்கிப்போச்சு, தலைல இடிக்குது. ஏத்திக் கட்டணும்" என்று சொல்லிக்கொண்டே கையை மேலே தூக்கினார்.

நான் ரேடியோ பக்கம் திரும்பினேன். பிளக் சுவரில் இருந்தது. அந்த அரை இருட்டில் சிவப்புப் பொட்டைத் தேடினேன். மேலே இல்லை. அந்த நொடியில் கூடத்து பல்ப் எரிந்தது.

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் தாங்காதது. சத்தமே வரவில்லை. டப்பாவைப் பிடித்த கை அப்படியே இறுகிப்போய், தலை பின்னால் சாய்ந்து, கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி எழுந்து நின்றது. கண் திறந்திருந்தது. அவர் சம்சாரத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "இன்னாய்யா?" என்றாள். அடுத்த கணம் அவரைப் பிடிக்கப் பாய்ந்தாள்.

"தொடாதடி!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிளக் இறுகிப்போயிருந்தது. வயரை இரண்டு கையாலும் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தேன். சுவர்ச் சுண்ணாம்பு பெயர, சாக்கெட்டிலிருந்து பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் பின்னால் விழுந்தேன். உள்ளே அவர் தறிக்குழிக்குள் சரிகிற சத்தம் கேட்டது. வால்வு சூடேறிப் பாட்டு வர அரை நிமிஷம் ஆகும். பாட்டு வரவே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் அவரைக் குழியிலிருந்து இழுத்துப் போட்டோம். மூச்சு இருந்தது. உள்ளங்கையில் டப்பாவின் விளிம்பு பதிந்த இடம் வெள்ளையாக வெந்திருந்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து சைக்கிள் ரிக்ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, கைதான் ஆறி வர மாசக் கணக்காகும் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சம்சாரம் என் தோளில் சாய்ந்து அழுதாள். "பல்லி செத்தப்பவே நெனச்சேன்க்கா. எங்க நேரம் சரியில்ல."

அதை அப்படியே விட்டிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். தெருவும் நம்பியிருக்கும்.

"உங்க நேரம் இல்லமா. பல்லிய கொன்னதும் அதுதான், அண்ணன அடிச்சதும் அதுதான். எங்க பொட்டி" என்றேன்.

அவள் தலையை என் தோளிலிருந்து எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சா வித்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து திரும்பியபோது நான் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த பையை இறக்கிவைக்காமலே கேட்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நான் பயந்த அத்தனை நாளும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எல்லாப் பொட்டியையும் திருப்பி வாங்கணும்" என்றேன்.

"எப்டி வாங்கறது? பாடிக்கினு இருக்கற பொட்டிய யார் குடுப்பாங்க? விஷயத்த சொன்னா நாளைக்கே கடைய இழுத்து மூடணும்."

"சொல்லலன்னா நாளைக்கு இன்னொரு வூடு."

அவர் பையைக் கீழே வைத்தார். அதில் புதுசாகப் பத்துப் பெட்டிக்கான வால்வுகள் இருந்தன.

மறுநாள் காலையில் மழையிலேயே கிளம்பி முதலில் தறி ஸ்பீக்கர்களைக் கழற்றினோம். நான் வீட்டுப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டின்களை அறுத்தெடுத்துச் சாக்கில் போட்டார். சில வீடுகளில் பயந்துபோய்ப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சில வீடுகளில், "எங்கள ஒண்ணும் பண்ணலியே, நீங்க போங்க" என்றார்கள். ஒரு கிழவர் எங்கள் எதிரிலேயே பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அந்த வீட்டில் பிளக் தற்செயலாகச் சரியான பக்கம் இருந்தது.

கிராமத்து வீடுகள் அதைவிடக் கஷ்டம். தென்னேரியில் ஏரிக்கரையை ஒட்டி இருந்த ஒரு விவசாயி எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"வித்த சாமான திருப்பிக் கேக்கறியே, இன்னா வியாபாரம்பா இது? வெல ஏறிப்போச்சா?"

"இல்லீங்க. உள்ள ஒரு சாமான் போடாம வுட்டுட்டேன். அத்தப் போட்டுத் தரேன். துட்டு வேணாம்."

"சும்மா போட்டுத் தருவியா? அப்போ அதுல ஏதோ விஷயம் இருக்குது. என் பொட்டி நல்ல பொட்டி. நீ போ."

பெட்டிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. நான் கூச்சத்தை விட்டு உள்ளே போய், பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தினார். அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "அந்தம்மா கண்ணுல தண்ணி வருதுய்யா, குடுத்துரு" என்றாள். அப்படித்தான் அந்தப் பெட்டி கிடைத்தது.

பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டே வந்தார். "சும்மா குடுத்தா சந்தேகப்படறாங்க. வேற மாதிரி கூப்டணும்" என்றார். அடுத்த வாரம் கடை வாசலில் ஒரு பலகை வைத்தார். எங்கள் பழைய பெட்டி எந்த நிலையில் இருந்தாலும் சரி, கொண்டுவந்து கொடுத்தால் கனமான டிரான்ஸ்பார்மர் போட்ட, சிலோன் பாட்டும் பிடிக்கிற புதுப் பெட்டியை ஒரு சேலைக் கூலி சேர்த்துக் கொடுத்து எடுத்துப் போகலாம். கொடுக்க முடியாதவர்களுக்குச் சும்மா.

அதற்குக் கூட்டம் வந்தது. கோயிலுக்குப் போகிற குடும்பங்கள் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தன. அதுவரை வாங்காதவர்களும் வந்தார்கள். புதுப் பெட்டியை வாங்கிப் போகிறவர்களுக்கு நான் ஒவ்வொருவராகப் பழைய பெட்டியில் என்ன ஆபத்து இருந்தது என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். பலர், "மாத்தித் தந்துட்டீங்க இல்ல, போதும்மா" என்றார்கள். காந்தி ரோட்டுக் கடைக்காரர், இவன் பைத்தியம், ஆறு மாசத்தில் காணாமல் போவான் என்று பேசினாராம். நாங்கள் சம்பாதிக்கவில்லை, கஞ்சிதான். ஆனால் ஊரில் ரேடியோ வாங்குவதென்றால் எங்கள் கடை என்று ஆகிப்போனது அதற்குப் பிறகுதான். ஆட்கள் அதைப் பாராட்டிச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

தறிக்காரர் பங்குனி வாக்கில் திரும்பத் தறியில் உட்கார்ந்தார். வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி வரவில்லை. நாடா பிடிக்கும்போது அந்த இரண்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அவர் எங்களை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அவர் சம்சாரம் பல மாசம் கழித்துத் தெருவில் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியாக்கா?" என்றாள். கடைப் படியை மட்டும் அதற்கப்புறம் அவள் ஏறவில்லை.

பேட்டரியில் பாடுகிற டிரான்சிஸ்டர் வந்தபோது எழுபதுகள் பிறந்திருந்தன. இனி சுவரில் செருகவேண்டிய அவசியம் இல்லை. வால்வு பெட்டிகள் பரணுக்குப் போயின. நாங்கள் பழைய பெட்டிக்கு மாற்று கொடுப்பதை நிறுத்தவே இல்லை. யார் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாலும் முதலில் என் வீட்டுக்காரர் பின்பலகையைக் கழற்றி உள்ளே பார்ப்பார். தான் செய்த பெட்டிகளின் தட்டில் உளியால் ஒரு கோடு போட்டிருப்பார். ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் வரவில்லை. கருட சேவைத் திருவிழா நாளில் கும்பலோடு கும்பலாக வாங்கி, அவர் வந்து வைக்கும்வரை காத்திராமல் தாங்களே தூக்கிப் போனவர்கள் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. திருப்புட்குழிப் பக்கம் ஒரு வயதான தம்பதி மாட்டு வண்டியில் ஒன்றை ஏற்றிப் போனது மட்டும் நினைவிருந்தது. இரண்டு முறை போய் விசாரித்தோம். யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்காக நான் தனியாகத் திருப்புட்குழிக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னால் ஒரு ஓட்டு வீட்டிலிருந்து ரேடியோ கேட்டது. டிரான்சிஸ்டர் சத்தம் இல்லை. வால்வு பெட்டியின் பாட்டுக்கு அடியில் ஒரு முனகல் உண்டு, அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மழையில் இறங்கி அந்த வீட்டுக்குள் போனேன். ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்காமலே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனிப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்பார்மர் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

"இன்னாமா பாக்கறீங்க?" என்றாள் அவள், முறத்தைக் கீழே வைக்காமல்.

"ஒண்ணுமில்லமா. எங்க பொட்டியோன்னு பாத்தேன்."

"இது எங்க வூட்டுதுமா" என்றாள் பயந்துபோய். நான் பிளக்கைத் திரும்பச் செருகிக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ் போயிருந்தது.